குலைநோய்க்கு வரப்பு தெரியாது

உத்திரமேரூர் வட்டாரத்தில் மார்கழி என்பது நெல்லின் இரண்டு பருவங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மாதம். ஒருபுறம் சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கும். இன்னொருபுறம், ஏரியில் தண்ணீர் நிற்கும் ஊர்களில் நவரைக்கு நாற்றங்கால் விட்டிருப்பார்கள். விடியும்போது இலைகளெல்லாம் பனியில் நனைந்திருக்கும். வெயில் ஏறித்தான் அது காயும். குலைநோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. அதனால்தான் விதை வாங்கும்போதே ‘இந்த ரகத்துக்குக் குலைநோய் வருமா?’ என்று விவசாயிகள் கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் இருக்கிறது. நோயைத் தாங்கும் சக்தி விதைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, நல்ல விதையாகப் பார்த்து வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்பதுதான் அந்த அனுமானம். பயிருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு என்பதில் சந்தேகமில்லை; அது எவ்வளவு நுட்பமானது என்பதைப் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் அந்தச் சக்தி எத்தனை வருடம் நிலைக்கும் என்பதை விதை மட்டும் முடிவு செய்வதில்லை. பக்கத்து வயலில் என்ன நட்டிருக்கிறார்கள், ஏரியின் ஆயக்கட்டில் எத்தனை ஏக்கர் ஒரே ரகமாக நிற்கிறது, எவ்வளவு யூரியா விழுந்திருக்கிறது என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. குலைநோய் ஒருவருடைய வயலின் நோய் அல்ல, ஓர் ஆயக்கட்டின் நோய் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் எதிரியைப் பார்ப்போம். மேக்னபோர்த்தே ஒரைசே என்றும் பைரிகுலேரியா ஒரைசே என்றும் அறிவியலார் அழைக்கும் இந்தப் பூஞ்சையின் வித்து கண்ணுக்குத் தெரியாதது. பேரிக்காய் வடிவில் மூன்றே அறைகள் கொண்டது. இரவின் பின்பகுதியில் காற்றில் உதிர்ந்து ஓர் இலைமேல் விழுகிறது. இலை ஈரமாக இருந்தால் வித்தின் நுனியிலிருந்து பசை கசிந்து அதை ஒட்டவைத்துவிடும்; அதன்பின் பனித்துளி உருண்டாலும் அது நகராது. ஓரிரு மணி நேரத்தில் முளைக்குழாய் ஒன்று நீண்டு வந்து இலைப் பரப்பைத் தடவிப் பார்க்கிறது. பரப்பு கெட்டியாகவும் மெழுகுப் பூச்சுள்ளதாகவும் இருப்பது தெரிந்ததும், குழாயின் நுனி உருண்டு ஒரு கொப்புளமாகிறது. வித்தில் இருந்த சத்து முழுவதும் அந்தக் கொப்புளத்துக்குள் வந்து சேர, வித்து செத்துவிடும். கொப்புளத்தின் சுவரில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் படிகிறது. நம் தலைமுடிக்குக் கருமை தரும் நிறமிகளின் உறவுதான் இது. இந்தக் கறுப்புச் சுவர் தண்ணீரை உள்ளே விடும். உள்ளே தயாராகும் கிளிசராலை வெளியே விடாது. கிளிசரால் கூடக் கூடத் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு, அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. 1991-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்தபோது அது சுமார் 80 வளிமண்டல அழுத்தம்வரை போவது தெரிந்தது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல ஏறக்குறைய 35 மடங்கு. அந்த அழுத்தத்தின் பலத்தில் கொப்புளத்தின் அடியிலிருந்து ஊசிபோன்ற ஒரு முளை இறங்கி இலையின் தோலைத் துளைக்கிறது. இலை என்றில்லை, ஆய்வகத்தில் வைத்த கெட்டியான செயற்கைத் தாளைக்கூட அது துளைத்தது.

உள்ளே போனபின் பூஞ்சை உடனே கொல்வதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் உயிருள்ள செல்லுக்குள்ளேயே குடியிருந்து, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு ஓசையில்லாமல் நகர்கிறது. இலையில் எந்த அடையாளமும் தெரியாது. அதன்பிறகே செல்களைச் சாகடிக்கத் தொடங்குகிறது. அப்போதுதான் விவசாயி பார்க்கும் புள்ளி வருகிறது: இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவில். புள்ளி தெரிந்த நேரத்தில் அதன்மேல் புதிய வித்துகள் தயாராகிக்கொண்டிருக்கும். ஒரே புள்ளி ஓர் இரவில் ஆயிரக்கணக்கான வித்துகளை, இரண்டு வாரம்வரை தொடர்ந்து வெளிவிட முடியும். ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் போதும். கதிர் வெளிவரும் நேரத்தில் கழுத்தில் தாக்கினால் கதை இன்னும் மோசம். கதிருக்குப் பால் ஏறும் வழி அடைபட்டு, மணிகள் பதராகவும் கருக்காயாகவும் நின்றுவிடும். இலையில் வந்த நோய்க்குப் பயிர் ஓரளவு ஈடுகொடுக்கும். கழுத்தில் வந்ததற்கு ஈடு கிடையாது.

இப்படி ஒரு படையெடுப்பு எல்லா இரவும் நடக்கிறது என்றால், எல்லா வயலும் ஏன் கருகிவிடுவதில்லை? காரணம், பயிர் சும்மா நிற்பதில்லை. நெல்லுக்கு ஓடவும் முடியாது, நம்மைப்போல ரத்தத்தில் சுற்றிவரும் காவல் அணுக்களும் கிடையாது. அதனால் ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். முதல் தடை இலையின் தோலே: மெழுகும், அதற்குக் கீழே நெல் மண்ணிலிருந்து எடுத்துப் படியவைக்கும் சிலிக்காவும். அதைத் தாண்டி ஊசி இறங்கும்போது, பூஞ்சையின் சுவரில் இருக்கும் கைட்டின் என்னும் பொருளின் துணுக்குகள் உதிர்கின்றன. நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் இருக்கும் அதே கைட்டின்தான். நெற்செல்லின் மேற்பரப்பில் இந்தத் துணுக்கை இனங்காணும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் கண்டுபிடித்தார்கள். கைட்டின் பட்டதும் செல் விழித்துக்கொள்கிறது. ஊசி இறங்கும் இடத்தில் சுவரைத் தடிமனாக்குகிறது, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்களைக் கொட்டுகிறது, கைட்டினைச் செரிக்கும் நொதிகளையும் பூஞ்சையை முடக்கும் வேதிப்பொருள்களையும் தயாரிக்கிறது. பெரும்பாலான பூஞ்சைகளின் கதை இங்கேயே முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான பூஞ்சை இனங்கள் காற்றில் மிதந்தாலும் நெல்லுக்கு நோயாக வருபவை சில மட்டுமே என்பதற்கு இதுவே காரணம்.

குலைநோய்ப் பூஞ்சை அந்தச் சிலவற்றில் ஒன்றானது, இந்த எச்சரிக்கை மணியை அடிக்கவிடாமல் செய்யும் வித்தையைக் கற்றதால்தான். அது நூற்றுக்கணக்கான சிறு புரதங்களைச் செல்லுக்குள் அனுப்புகிறது. அவற்றில் ஒன்று, உதிர்ந்த கைட்டின் துணுக்குகளைத் தானே பற்றிக்கொண்டு நெல்லின் கண்ணில் படாமல் மறைக்கிறது. வேறு சில, செல்லின் உள் செய்திகளைக் குழப்புகின்றன. நெல்லின் பதிலடி இங்கேதான் சுவாரசியமாகிறது. செல்லுக்குள் இருக்கும் இன்னொரு வகைக் காவல் புரதங்கள், பூஞ்சை அனுப்பிய அந்தக் கையாள் புரதங்களில் குறிப்பிட்ட ஒன்றை அடையாளம் காண்கின்றன. கண்டதும் அந்தச் செல் தன்னையே கொன்றுகொள்கிறது. உயிருள்ள செல்லில் குடியிருக்க வந்த பூஞ்சை, செத்த செல்லில் சிக்கிப் பட்டினி கிடந்து சாகிறது. இலையில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி மட்டும் தெரியும். நோயைத் தாங்கும் ரகம் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு ஜோடிப் பொருத்தத்தைத்தான்: பயிரில் ஒரு மரபணு, பூஞ்சையில் அது இனங்காணும் ஒரு மரபணு. ஆளி விதைப் பயிரின் துரு நோயை வைத்து எச். எச். ஃபிளார் 1940களில் வடக்கு டகோட்டாவில் இந்த ஒன்றுக்கு ஒன்று கணக்கைக் கண்டுபிடித்தார். நெல்லில் இன்றைக்குக் குலைநோய்க்கான இத்தகைய மரபணு இடங்கள் 100-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன.

இந்தக் கணக்கின் சிக்கல் என்னவென்று அறியக் கோவையில் உருவான கோ 39 ரகத்தைப் பார்த்தால் போதும். உலகம் முழுவதும் குலைநோய் ஆராயும் கூடங்களில் கோ 39 பிரபலம். பெருமைக்குரிய காரணத்தால் அல்ல. எந்தக் குலைநோய்ப் பூஞ்சையைத் தெளித்தாலும் அனேகமாக நோய் வந்துவிடும் என்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ரகமாக அதை வைத்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க அதன்மேல்தான் ஏற்றிப் பார்த்தது. ஆனால் அந்தக் கோ 39 நிராயுதபாணி இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. வேறு புல்வகைகளைத் தாக்கும் பூஞ்சை வகைகளில் ஒரு புரதம் உண்டு. கோ 39 அதைத் துல்லியமாக இனங்கண்டு தடுத்துவிடுகிறது. பூஞ்சையின் அந்த மரபணுவுக்கே கோ 39 பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளில் அனேகமாக அந்த மரபணு இல்லை. நெல்லுக்கு இடம்பெயர்ந்த தொடக்கக் காலத்திலேயே அவை அதை உதறிவிட்டன. கோ 39-இன் ஆயுதம் இன்றும் கூராகவே இருக்கிறது, எதிரே நிற்பவன்தான் மாறிவிட்டான். எனவே ஒரு ரகம் நோயைத் தாங்குமா என்ற கேள்விக்கு விதையை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அந்த வட்டாரத்தில், அந்த வருடத்தில், எந்தப் பூஞ்சை உலவுகிறது என்பதும் பதிலில் பாதி.

எந்தப் பூஞ்சை உலவும் என்பதை முடிவு செய்பவர்களும் நாமே. ஒரு புள்ளியில் ஓர் இரவில் ஆயிரக்கணக்கான வித்துகள். ஓர் ஆயக்கட்டில் எத்தனை கோடி என்று யாராலும் எண்ண முடியாது. அவற்றில் எங்கோ ஒன்றில் தற்செயலாக அந்தக் காட்டிக்கொடுக்கும் புரதம் சிதைந்துபோகும். ஆயக்கட்டில் பத்து ரகம் இருந்தால் அந்த ஒரு வித்துக்குப் பெரிய ஆதாயமில்லை. அது தாக்கக்கூடிய வயல் பத்தில் ஒன்று. எல்லா வயலும் ஒரே ரகமாக இருந்தால், அந்த வித்தின் வம்சத்துக்கு ஆயக்கட்டு முழுவதும் திறந்துகிடக்கிறது. தென் கொரியாவில் இது நாடளவில் நடந்தது. தோங்கில் என்ற அதிக விளைச்சல் வகையை 1972 முதல் அரசு பரப்பியது. தொடக்கத்தில் அதற்குக் குலைநோய் அனேகமாக வரவில்லை. 1977-இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டதாக அறிவித்தது. அப்போது நெற்பரப்பில் பாதிக்கும் மேல் தோங்கில் வகைகள்தான். மறு வருடமே, 1978-இல், அதே வகைகளைத் தாக்கும் பூஞ்சை கதிர் கழுத்தில் பரவிப் பெரும் சேதம் செய்தது. விதை கெட்டுவிடவில்லை. அதன் வெற்றியே அதன் எதிரியை வளர்த்தது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும்: இதெல்லாம் ஒட்டுரகங்களின் வினை, நம் பாரம்பரிய நெல்லுக்குத் திரும்பினால் நோய் அண்டாது என்று. பாரம்பரிய ரகங்களைக் காப்பாற்ற வேறு நூறு நல்ல காரணங்கள் உண்டு; ஆனால் இந்த வாதத்தை வரலாறு ஆதரிக்கவில்லை. இந்தியாவில் குலைநோய் முதலில் பதிவானது 1913-இல். 1919-இல் தஞ்சை டெல்டாவில் கொள்ளைநோயாகப் பரவியது. பசுமைப் புரட்சிக்கு அரை நூற்றாண்டு முந்திய காலம் அது. வயலில் நின்றதெல்லாம் நாட்டு நெல். குரங்குச் சம்பா என்ற டெல்டா ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த ஆடுதுறை 10 இந்நோய்க்கு மிகவும் ஆட்பட்டது. கோவை ஆராய்ச்சியாளர்கள் அதனோடு, நோயைத் தாங்கிய கோ 4 ரகத்தைச் சேர்த்து, கோ 25, கோ 26 ஆகிய ரகங்களை உருவாக்கினார்கள். கோ 4-உம் உள்ளூர் நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். ஆக நோய்க்கு ஆட்பட்டதும் நாட்டு நெல், நோயைத் தாங்கியதும் நாட்டு நெல். பழைய காலத்து வயலின் பலம், தனித்தனி ரகங்களின் வீரத்தில் இல்லை. ஊருக்கு ஊர், வயலுக்கு வயல், சில சமயம் ஒரே வயலுக்குள்ளும் விதை வேறுபட்டு நின்றதில்தான் இருந்தது. இலங்கை மலைத்தோட்டங்களில் காபியைத் துரு நோய் அழித்ததும் இதே பாடம். 1869-இல் அங்கே நோய் அடையாளம் காணப்பட்டது. 1880 முதல் இரண்டு ஆண்டு அதை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், இடைவெளியே இல்லாமல் மலை மலையாக ஒரே செடியை நட்டதுதான் காற்றில் பரவும் பூஞ்சைக்கு வழி அமைத்தது என்றார். காபி போய்த் தேயிலை வந்தது.

ரகங்களைக் கலந்து நடுவதால் பயன் உண்டா என்பதற்கு வயலளவில், அதுவும் மிகப் பெரிய அளவில் சோதித்த சான்று சீனாவின் யுன்னான் மாகாணத்திலிருந்து கிடைக்கிறது. ஷூ யூயோங் தலைமையிலான குழு 1998, 1999 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான விவசாயிகளோடு சேர்ந்து செய்த வேலை அது. அங்கே விலை அதிகமுள்ள உயரமான பசைநெல் ஒன்று குலைநோய்க்கு எளிதில் பலியாகும். நோயைத் தாங்கும் குட்டையான வீரிய ஒட்டு நெல்லின் சில வரிசைகளுக்கு இடையே ஒரு வரிசை பசைநெல் என்று நட்டார்கள். தனியாக நட்ட பசைநெல்லோடு ஒப்பிட்டால் குலைநோயின் கடுமை 94 சதவீதம் குறைந்தது. பசைநெல்லின் விளைச்சல் 89 சதவீதம் கூடியது. இரண்டாம் வருட முடிவில் மருந்தடிப்பதையே நிறுத்த முடிந்தது. இதற்குப் புதிய விதை எதுவும் தேவைப்படவில்லை. இருந்த விதையை எப்படி அடுக்குவது என்பதை மட்டும் மாற்றினார்கள். ஒரு வரிசையில் எழுந்த வித்துகள் அடுத்த நாலைந்து வரிசைகளில் விழுந்து வீணாயின. உயர வித்தியாசத்தால் பசைநெல்லின் கதிரில் காற்றும் வெயிலும் பட்டு ஈரம் சீக்கிரம் காய்ந்தது.

யுன்னானில் பசைநெல்லைக் கையால் தனியே அறுத்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் அறுவடை இயந்திரம் இறங்கும் வயலில் வரிசைக்கு ஒரு ரகம் என்பது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். நடக்காது. ஆனால் வரிசைக்கு வரிசை மாற்ற வேண்டியதில்லை. வயலுக்கு வயல், மடைக்கு மடை மாற்றினால் அதே தத்துவம் வேலை செய்யும், பலன் குறைவாக இருந்தாலும். வித்துகளில் பெரும்பகுதி விழுவது எழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. அடுத்த வயலில் வேறு ரகம் நின்றால் நோயின் வேகம் அங்கே உடையும். வாங்குபவன் ஒரே ரகமாகக் கேட்கிறானே என்பது இரண்டாவது ஆட்சேபம். இது பாதிதான் உண்மை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்ற இரண்டு பிரிவுதான். அதற்குள் எந்தப் பெயர் என்பது விலையை மாற்றுவதில்லை. தனியார் வியாபாரியிடம் நிலைமை வேறு. ஆந்திரா பொன்னி என்று நம் பக்கம் வழங்கும் பி.பி.டி. 5204 போன்ற சன்ன நெல்லுக்கு அவர் கூடுதல் விலை தருகிறார். சாப்பிடச் சுவையான அந்த ரகம், நோயைப் பொறுத்தவரை நோஞ்சான். சந்தை விரும்புவதும் பூஞ்சை விரும்புவதும் ஒரே ரகமாக இருப்பதுதான் சிக்கலின் மையம். இதை ஆராய்ச்சி நிலையம் மட்டும் தீர்த்துவிட முடியாது.

அப்படியானால் மருந்தடித்துவிட்டுப் போகலாமே என்பது மிகப் பரவலான பதில். டிரைசைக்ளசோல் நல்ல மருந்துதான், அதன் வேலைமுறையைத் தெரிந்து பயன்படுத்தினால். அது பூஞ்சையைக் கொல்வதில்லை. கொப்புளத்தின் சுவரில் மெலனின் படியாமல் தடுக்கிறது. கறுப்புச் சுவர் இல்லாமல் அழுத்தம் ஏறாது, ஊசி இறங்காது. புள்ளி விழுந்த இலையில் அடித்தால் உள்ளே போய்விட்ட பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. இனி வரப்போகும் வித்துகளைத்தான் தடுக்கும். நோய் நன்றாகத் தெரிந்தபின் கடைக்கு ஓடுகிற நம் வழக்கத்தில் பாதிப் பணம் வீணாவது இதனால்தான். பல பத்தாண்டுகளாக இம்மருந்து வலுவிழக்காமல் இருப்பது அபூர்வம். இதே மெலனின் பாதையில் வேறோர் இடத்தைத் தாக்கிய ஒரு மருந்து ஜப்பானில் 1998-இல் வந்து, 2001-இலேயே கியூஷு தீவில் செயலிழக்கத் தொடங்கியது. கூடவே எச்சப் பிரச்சினையும் இருக்கிறது. அரிசியில் டிரைசைக்ளசோல் எச்சத்தின் வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தபின், 2018 முதல் வட இந்தியாவின் பாசுமதி விவசாயிகள் பட்ட பாடு தெரிந்ததே. பாசுமதியில் பி 2, பி 54 ஆகிய இரண்டு குலைநோய் எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றாக ஏற்றிய பூசா பாசுமதி 1847 ரகத்தை 2021-இல் வெளியிட்டதற்கு அந்த நெருக்கடி ஒரு காரணம்.

இரண்டு மரபணுக்களை அடுக்குவது நல்ல உத்தி. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் ஒரே வித்தில் நிகழ்வது அரிது. அதைவிட எனக்குக் கவர்ச்சியாகத் தோன்றுவது ஜப்பானின் மேட்டுநிலப் பழைய நெல் ஒன்றில் இருந்த பி 21. 2009-இல் அதன் அடையாளம் வெளியானபோதுதான், அது முற்றாகத் தடுக்கும் மரபணு அல்ல, நோயை மெதுவாக்கும் ஒன்று என்பதன் பொருள் புரிந்தது. முற்றாகத் தடுத்தால் தப்பிக்கும் ஒரு வித்துக்கு எல்லாமே கிடைக்கும். மெதுவாக்கினால் எந்த வித்துக்கும் பெரிய ஆதாயமில்லை. அதனால் இவ்வகை எதிர்ப்பு நீடிக்கிறது. அப்படியிருந்தும் வெகுகாலம் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவர முடியாமல் போனது ஏன் தெரியுமா? அந்த மரபணுவுக்கு ஒட்டிய பக்கத்து மரபணு சோற்றின் சுவையைக் கெடுத்தது. இரண்டையும் பிரித்தெடுக்கப் பல தலைமுறை நெல் வளர்க்க வேண்டியிருந்தது. பாதி தாங்கும் ரகங்களை விதைக்கடையில் யாரும் மதிப்பதில்லை. மதிக்க வேண்டியவை அவையே.

விதைக்கு வெளியே இருப்பவற்றில் யூரியாவை முதலில் சொல்ல வேண்டும். பயிர் கரும்பச்சையாக இருந்தால் நன்றாக வளர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் கணக்கு. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது கை தாராளமாகத்தான் இருக்கும். தழைச்சத்து மிகுந்தால் இலையில் பூஞ்சைக்கு வேண்டிய சத்து கூடுகிறது, தோலில் சிலிக்காவின் பங்கு குறைகிறது, பயிர் அடர்ந்து பனி காயத் தாமதமாகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவன் தலைமையில் 1950, 60களில் நடந்த ஆய்வுகளே தழைச்சத்தும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் நெல் குலைநோய்க்கு எளிதில் ஆட்படுவதைப் பேசின. அவ்வளவு பழைய செய்தி. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, வேண்டியபோது மட்டும் மேலுரம் இடுவது செலவைக் கூட்டாது, குறைக்கும். சிலிக்காவுக்கு வைக்கோலையும் உமிச்சாம்பலையும் வயலுக்குத் திருப்பித் தந்தாலே ஓரளவு போதும். ஆனால் நோய் கண்ட வயலின் வைக்கோலில் பூஞ்சையும் உயிரோடு இருக்கும் என்பதால் அதைப் பச்சையாகப் பரப்பக்கூடாது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா விதை நேர்த்தி, ஒரு கிலோ விதைக்கு 10 கிராம், பயிரின் எச்சரிக்கை அமைப்பை முன்கூட்டியே உசுப்பிவைக்கிறது. எப்போதும் உசுப்பிய நிலையிலேயே ஏன் பயிர் இருப்பதில்லை என்றால், எதிர்ப்புக்குச் செலவு உண்டு. ஆய்வகத்தில் எச்சரிக்கை அணையாமல் செய்த செடிகள் குள்ளமாகி, விளைச்சலைக் கோட்டைவிட்டன.

இவ்வளவையும் ஒருவர் தன் வயலில் ஒழுங்காகச் செய்தாலும், மேல்மடை வயலில் யூரியா கொட்டப்பட்ட ஒரே ரகம் நின்றால் அவர் உழைப்பில் பாதி அந்த வயலின் வித்துகளுக்கே போகும். கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் இது நடக்கும். 1980களில் பிரேசிலில் ஓர் எதிர்ப்பு மரபணு இல்லாத கோதுமை ரகங்கள் பரவலாக நடப்பட்டன. வேறு புல்லில் வாழ்ந்த குலைநோய்ப் பூஞ்சை அந்த வழியே கோதுமைக்குத் தாவியது. 1985-இல் பரானா மாநிலத்தில் கோதுமைக் குலைநோய் முதலில் பதிவானது. 2016-இல் அதே தென்னமெரிக்க வம்சம் வங்கதேசத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கோதுமையைத் தாக்கியது. எல்லைக்கு இப்புறம் மேற்கு வங்கத்தின் எல்லையோரப் பகுதிகளில் கோதுமை பயிரிடுவதையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. யாரோ சிலர் எந்த ரகம் விதைத்தார்கள் என்பது உலகின் மறுமூலையிலுள்ள ஒருவரின் சாப்பாட்டுப் பிரச்சினையாகிவிட்டது.

உத்திரமேரூரில் பொதுவான ஒன்றைப் பொதுவாகவே நிர்வகிப்பது புதிய யோசனை அல்ல. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. அவற்றில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். அந்தச் சபையில் இடம்பெற நிலமும் கல்வியும் வேண்டும், சதுர்வேதிமங்கலத்து அந்தணர்களுக்கு மட்டுமே அது திறந்திருந்தது. அதை மறந்துவிட்டுப் பெருமை பேசுவதில் பயனில்லை. ஆனால் ஏரித் தண்ணீர் தனியொருவர் விருப்பப்படி போகக்கூடாது என்ற புரிதல் அங்கே இருந்தது. இன்றைக்கு அந்த வேலைக்குச் சட்டப்படி இருப்பது 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின் கீழுள்ள நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள். மதகு எப்போது திறப்பது என்று பேசும் அந்தக் கூட்டத்திலேயே, எந்த மடையின் கீழ் எந்த ரகம் என்பதையும் பேச முடியும்.

எதை விதைப்பது என்பது விவசாயியின் உரிமை, அதில் சங்கம் தலையிடலாமா என்ற ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. குத்தகைக்குப் பயிரிடுபவர் தன் குத்தகை நெல்லுக்கு ஏற்ற ரகத்தைத்தான் போடுவார். வியாபாரி தரும் கூடுதல் விலையை விட்டுவிட்டு நோயைத் தாங்கும் பொது ரகத்தைப் போடும்படி ஒருவரிடம் சொன்னால், அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது என்று அவர் கேட்பார். சரியான கேள்வி. அவர் வயல்தான் பக்கத்து வயலுக்கு அரணாக நிற்கிறது என்பதால், அதன் பலனில் ஒரு பங்கு அவருக்கு வர வேண்டும். மருந்துச் செலவில் மிச்சமாவதிலிருந்து அதைத் திரட்டலாமா, விதை மானியத்தில் சேர்க்கலாமா என்பது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஆண்டுக்கு ஆண்டு மடை மாறி மாறி அந்தச் சுமை சுற்றிவந்தால் மனத்தாங்கல் குறையும். சம்பாவில் இதைத் தொடங்குவது கடினம். ஆயக்கட்டு முழுவதும் நடவு நடக்கும், ஆளுக்கு ஒரு அவசரம் இருக்கும். நவரையில் தொடங்குவது எளிது: ஏரியில் மிஞ்சிய தண்ணீரைப் பொறுத்துத்தான் அப்போது நடவு. பல ஊர்களில் மதகை ஒட்டிய பகுதிகளோடு அது நின்றுவிடும். பரப்பும் சிறியது, பேச வேண்டிய ஆட்களும் குறைவு, குலைநோய்க்கான பனியும் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில்தான் விழுகிறது.